இங்கிலீஷ் தெரிஞ்சவர் வீடு

எங்கள் தெருவில் எனக்கு ‘இங்கிலீஷ் தெரிஞ்சவர்’ என்று பெயர். பூலாம்பாடியில் இது லேசுப்பட்ட பதவி இல்லை. இங்கிருந்து பிழைக்கப்போய் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் நிறைய. அவர்களுடைய கம்பெனிக் கடிதம், விசாத் தாள், இன்சூரன்ஸ் பாரம் எல்லாம் சுற்றி வளைத்து எங்கள் திண்ணைக்கு வந்து சேரும். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியை உரக்கப் படிப்பேன். நடுவில் ‘ம்… ம்…’ என்பேன். கடைசி வரியில் புருவத்தைத் தூக்கிவிட்டு, “பயமில்ல, கையெழுத்துப் போடலாம்” என்பேன். இதுவரை யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை என்பதால் என் ஆங்கிலம் சுத்தமானது என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது.

தகுதி என்ன என்று கேட்டால், நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். பெரம்பலூர் இன்ஸ்டிட்யூட் ஒன்றில் ‘ஏ எஸ் டி எஃப்’ என்று அடிக்க ஆரம்பித்து, சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கும் பழுப்பு நரியை எத்தனை முறை குதிக்கவிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் வந்துவிடும். அதனால்தான் அந்த நரிக்கு ஓய்வே கிடையாது. ‘டைப்ரைட்டர்’ என்ற பத்தெழுத்துச் சொல்லை மெஷினின் மேல்வரிசை எழுத்துகளை வைத்தே அடித்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் சொன்னேன். “சரி” என்றாள். அவள் பத்தாவது வரை தமிழ் மீடியம். இதன் அருமை அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் விரல்களுக்கு ஆங்கிலம் தெரியும், மற்ற உறுப்புகளுக்குத் தெரியாது என்பதை அவள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாளோ என்னவோ.

பதவியைக் காப்பாற்ற நான் செய்த இன்னொரு காரியம், டீக்கடைக்கு வரும் ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்புவது. பென்சில் அல்ல, பேனா. தன்னம்பிக்கை தெரிய வேண்டாமா! இந்தக் குறுக்கெழுத்தை 1913 டிசம்பர் 21-ஆம் தேதி ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையில் முதன்முதலாகப் போட்டவர் ஆர்தர் வின் என்பவர். அது வைர வடிவத்தில் இருந்தது. இப்போது வருவது சதுரம். ஒவ்வொரு குறிப்பின் பின்னாலும் அடைப்புக்குள் ஏழு, ஐந்து, மூன்றும் நான்கும் என்று எழுத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். குறிப்பு எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. அடைப்புக்குள் இருக்கும் எண் நன்றாகப் புரிந்தது. ஏழு என்றால் ஏழு எழுத்தை எழுதிவிடுவேன். எந்த ஏழு என்பது என் உள்விவகாரம். டீ ஆறுவதற்குள் கட்டம் முழுக்க நிரம்பியிருக்கும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, “அண்ணன் அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டாரு” என்பார். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடக்கமாகச் சிரிப்பேன்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், மலேசியாவில் இருக்கும் என் மச்சினன் ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சில வண்ணக் கட்டங்களைப் போட்டான். பச்சை, மஞ்சள், சாம்பல். என் அம்மா அதைப் பார்த்து, “கோலமா?” என்றாள். மகள்தான் சென்னையிலிருந்து விளக்கம் அனுப்பினாள். ‘வேர்டில்’ என்ற விளையாட்டு. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு வாய்ப்பு. நாம் போடும் சொல்லில் சரியான எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை. எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். அந்த எழுத்தே கிடையாது என்றால் சாம்பல். நாளுக்கு ஒரே சொல், உலகம் முழுக்க அதே சொல்.

இதை உருவாக்கியவர் ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள்காரர். சொல் விளையாட்டுப் பிரியையான தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 என்று எடுத்துக்கொண்டு, அந்த அம்மாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தெரியும், தெரியாது என்று புடைத்து, 2,500 சொச்சத்துக்குக் கொண்டுவந்தார். 2021 நவம்பர் 1-ஆம் தேதி இதை விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதம் கழித்து மூன்று லட்சம் பேர். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது.

இதையெல்லாம் நான் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. “பொண்டாட்டிக்குப் பொழுது போகணும்னு ஒரு மனுசன் புது விளையாட்டே செஞ்சு குடுத்துருக்காரு. நான் மிக்ஸி ஜாருக்கு வாசர் கேட்டு எவ்வளவு நாளாச்சு?” என்றாள்.

நான் முதலில் போட்ட சொல் ‘ஆனியன்’. பெரம்பலூர் மாவட்டத்துக்காரன் வேறு எதைப் போடுவான்? சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போன மாவட்டம். ஆனியனும் அஞ்சு எழுத்து, மெய்ஸும் அஞ்சு எழுத்து. விளையாட்டே நமக்காகத்தான் செய்தது போலிருந்தது. மூன்று சாம்பல், இரண்டு மஞ்சள் என்று ஏதோ வந்தது. மறுநாளும் ஆனியன். அடுத்த நாளும். வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்து, “இதுல ரெண்டு ஓ, ரெண்டு என் இருக்குதே. அஞ்சு கட்டத்தைக் குடுத்தா மூணு எழுத்தைத்தான் விசாரிக்கிறீங்க. மிச்சம் ரெண்டு கட்டம் தெண்டம்தானே?” என்றாள்.

“இது இங்கிலீஷ் விசயம். உனக்குப் புரியாது” என்றேன்.

அவள் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பிறகு ‘அடியூ’ என்ற சொல்லுக்கு மாறினேன். உலகத்தில் வேர்டில் விளையாடுகிறவர்கள் வேறு எந்தச் சொல்லையும்விட அதிகமாக அதில்தான் ஆரம்பிக்கிறார்களாம். ஏ, ஐ, ஈ, யு என்று நாலு உயிரெழுத்து அதில் இருக்கிறது. விடைபெறும் வார்த்தை என்று மகள் சொன்னாள். ஆரம்பத்திலேயே விடைபெற்றுக்கொண்டு ஆடுவது என் ஆட்டத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

இந்த விளையாட்டில் ஒரு பூகோள அநியாயம் உண்டு. புதுச் சொல் அவரவர் ஊர் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டுக்கு வரும். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. நான் ராத்திரி ஒன்பதரைக்கு இட்லியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு நாளைய சொல் வந்துவிடும். பத்து மணிக்குள் குழுவில் பச்சைக் கட்டங்களைப் போட்டுவிட்டு, “மாமா, மூணுலயே முடிச்சிட்டேன். உங்களுக்கு எப்படி?” என்பான். எனக்கு எப்படி இருக்கும்? எனக்கு இன்னும் இன்றைய சொல்லே முடிந்திருக்காது.

சில ராத்திரிகளில் நானே அவனுக்குப் போன் செய்து குசலம் விசாரித்ததுண்டு. “என்ன மாப்ள, பிள்ளைங்க நல்லா படிக்குதா? அங்க மழையா? ஆமா… இன்னிக்கு ஈ இருக்குதா?” அவனும் ரத்த பாசத்தில் ஒரு எழுத்தை விட்டுக்கொடுப்பான். ஆனால் கடல் தாண்டி வரும் குரலில் எம்மும் என்னும் ஒன்றாகத்தான் கேட்கும். “எம்மா? மதுரை எம்மா, நாகப்பட்டினம் என்னா?” என்று நான் முற்றத்தில் நின்று கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, நான் ஊர் ஊராக நிலம் பார்க்கிறேன் என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. அதை நான் மறுக்கவில்லை. நிலம் பார்க்கிறவன் என்பது எழுத்துப் பிச்சை எடுக்கிறவன் என்பதைவிடக் கௌரவம்.

அம்மா விசயம் வேறு மாதிரிப் போயிற்று. விடியற்காலையில் எழுந்து, போர்வைக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “என்ன தம்பி பண்ற?” என்றாள். “அஞ்செழுத்தும்மா” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். என் தகப்பனார் காலத்திலிருந்து அவள் வேண்டிக்கொண்டது அது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: பெரிய பையன் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து பஞ்சாட்சரம் ஓதுகிறான். மாட்டுப் பொங்கலுக்குக்கூடக் குளிக்கச் சோம்பல்படுகிற எனக்குப் பிரதோசத்தன்று முன்வரிசையில் இடம் கிடைத்தது. நந்திக்குப் பால் ஊற்றுகிற நேரத்தில் நான் ‘ஆர்’ எங்கே வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிவன் மன்னிப்பார், அவர் எழுத்துகளைப் பற்றித் தெரிந்தவர்.

எனக்கு விளையாட வசதியாக இருந்தது எங்கள் மக்காச்சோளக் காட்டு மோட்டார்தான். த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில் வருகிற முறை வந்தால், மோட்டார் போட ஒருவர் காட்டுக்குப் போயாக வேண்டும். முன்பெல்லாம் அதற்கு ஆள் கிடைக்காது. நான் முதுகுவலி என்பேன். இப்போது நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுவேன். மோட்டார் கொட்டகையில் கயிற்றுக்கட்டில் உண்டு, சிக்னல் வீட்டைவிட நன்றாக வரும், இந்தியாவில் யாருக்கும் அப்போது விடை தெரியாது. மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். பல சமயம் பக்கத்துக் காட்டுக்கும் சேர்த்துப் பாய்ந்துவிடும்.

ஒருநாள் ராத்திரி அங்கே வசமாக மாட்டிக்கொண்டேன். கடைசி நாலு எழுத்தும் பச்சை: ஐ, ஜி, எச், டி. முதல் எழுத்து மட்டும் பாக்கி. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். இங்கிலீஷ் தெரிஞ்சவன் அல்லவா! அந்த நாலையும் பச்சையாக்கியதே நான் போட்ட லைட்தான், ஆனால் விடை அது இல்லை. நைட் போட்டேன். ராத்திரிதானே, அதுவும் இல்லை. ரைட், இல்லை. ஆங்கிலத்தில் அந்த நாலெழுத்து வாலோடு சாதாரணமாகப் புழங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள் லைட், நைட், ரைட், ஃபைட், டைட், சைட், மைட், எய்ட் என்று எட்டு உருப்படி உண்டு. இருக்கிறதோ ஆறு வாய்ப்பு. இரண்டு மீதமிருக்கையில் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்து, “என்ன, மோட்டார் காயில் போயிடுச்சா?” என்று மனைவி எழுந்து உட்கார்ந்தாள். செலவு எவ்வளவு ஆகுமோ என்கிற கவலை அவளுக்கு. காயில் இல்லை, எழுத்து என்றதும் நிம்மதியாகப் போனை வாங்கிப் பார்த்தாள்.

“ஒரு எழுத்துக்கு ஒரு வாய்ப்பா செலவு பண்ணியிருக்கீங்க.”

“வேற எப்படிப் பண்றது?”

“இன்னும் எந்தெந்த எழுத்து பாக்கி?”

“எஃப், எம், எஸ், டி. ஈ அடியூவிலேயே போயிடுச்சு.”

“அதுல ரெண்டு மூணு ஒண்ணா வர்ற மாதிரி வார்த்தை எதுவும் இல்லையா? விடையா இல்லாட்டிப் போகுது. விசாரிக்கத்தானே? ஒரே ஆளக் கூப்பிட்டு விசாரிக்கிறதுக்குப் பதிலா நாலு பேர ஒண்ணா நிக்க வச்சிக் கேளுங்களேன்.”

சொல்லிக்கொண்டே டி.வி. பக்கம் பார்த்தாள். எந்தப் படத்திலும் முதலில் எழுத்துப் போடும்போது வருகிற சொல்தான்: பிலிம்ஸ். எஃப், ஐ, எல், எம், எஸ். தட்டினாள். எம் மட்டும் மஞ்சளாக நின்றது. அடுத்த வாய்ப்பில் மைட் போட்டாள். ஐந்தும் பச்சை. போனை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

அவளுக்கு ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று நான் அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மறுநாள் கேட்டே விட்டேன். உரமூட்டையிலிருந்து வந்ததாம். மருந்து டப்பா, பற்பசை அட்டை, பஸ்ஸின் முதுகு, சோப்புக் கவர், அடகுக் கடைச் சீட்டு என்று வீட்டில் நான் கவனிக்காமல் விட்ட ஆங்கிலமெல்லாம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் இப்போது முதலில் போடுகிற சொல் ‘சூப்பர்’. பாராட்டு என்று நினைக்காதீர்கள். சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் இருப்பது. எஸ், யு, பி, ஈ, ஆர். ஐந்தும் வேறுவேறு எழுத்து, தெண்டமே கிடையாது. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் 26 எழுத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, கழிந்ததை அடித்துக்கொண்டே வருவாள். வெங்காயம் அறுக்க வந்த ஆட்களுக்குக் கூலிக் கணக்கு எழுதுகிற அதே முறை. வந்தவர் யார், வராதவர் யார், வந்தும் வேறு பாத்தியில் நிற்பவர் யார்.

“அர்த்தம் தெரியாம ஆடுறது ஆட்டமே இல்ல” என்று நான் ஒரு கொள்கையை வெளியிட்டேன். தோற்கிறவர்களுக்குத்தான் கொள்கை தேவைப்படும். அதற்கும் மகள் ஆப்பு வைத்தாள். நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர். நியூசிலாந்துக்காரர். எழுத்து வில்லைகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் உலகச் சாம்பியன் ஆனவர். அவர் 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டிக்குப் போனார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சுச் சொற்பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போய், பிரெஞ்சுக்காரர்களைப் பிரெஞ்சிலேயே தோற்கடித்துப் பட்டத்தை வாங்கி வந்துவிட்டார். அதோடு விட்டாரா? 2024-இல் ஸ்பெயின் நாட்டு கிரனாடாவில் ஸ்பானிஷ் போட்டியிலும் ஜெயித்தார். அந்த மொழியும் அவருக்குத் தெரியாது. சாப்பிட என்ன வேண்டும் என்று அந்த மொழியில் கேட்டால் அவர் பட்டினிதான் கிடக்க வேண்டும். ஆனால் ஏழு வில்லையைக் கையில் கொடுத்தால் அந்த மொழியின் பண்டிதர்கள் எழுந்து போக வேண்டியதுதான்.

“அவரு எங்க கோலாலம்பூர்லதான் மாமா இருக்காரு” என்று மச்சினன் குழுவில் சேர்த்தான், ஏதோ தன் வீட்டு மாடியில் வாடகைக்கு வைத்திருப்பதுபோல.

இந்த ஸ்கிராபிளின் கதையையும் எடுத்துக்கொண்டேன். ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞருக்கு 1930-களின் பொருளாதாரச் சரிவில் வேலை போயிற்று. சும்மா இருந்த மனிதர் நியூயார்க் டைம்ஸ் பேப்பரை எடுத்து வைத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்குப்படிதான் இன்றைக்கும் ஸ்கிராபிளில் ஈ-க்குப் பன்னிரண்டு வில்லை, க்யூ-வுக்கு ஒன்று. எஸ் நாலே நாலு. நிறையக் கொடுத்தால் எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒட்டிப் பன்மையாக்கிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று சிக்கனம். 1948-இல் ஜேம்ஸ் புருனாட் என்பவர் அதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆக, வேலையில்லாத ஆண்பிள்ளை பேப்பரை வைத்துக்கொண்டு எழுத்து எண்ணுவது கேவலம் அல்ல, அதிலிருந்து என்ன வேண்டுமானாலும் வரலாம் என்று மனைவியிடம் வாதாடினேன்.

“அவரு எண்ணி முடிச்சாருல்ல” என்றாள்.

அம்மாவுக்கு நான் ஓதுவது பஞ்சாட்சரம் அல்ல என்பது எப்படியோ தெரிந்துவிட்டது. வருத்தப்பட்டாள், ஆனால் ஆச்சரியப்படவில்லை. “உங்க தாத்தா ரத்தம்” என்றாள். தாத்தாவுக்குக் குறுக்கெழுத்துப் போட்டிப் பித்து. அந்தக் காலத்தில் அது சின்ன வியாபாரம் இல்லை. 1930-களில் ஆனந்த விகடனில் எஸ்.எஸ்.வாசன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி தமிழ்நாட்டையே பென்சிலும் கையுமாக உட்கார வைத்தது. பிற்பாடு நாடு முழுக்க இது தொற்றியது. கூப்பனை வெட்டி, கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். சில போட்டிகளில் ஒரு கட்டத்துக்கு இரண்டு எழுத்து பொருந்தும். இரண்டுமே அர்த்தமுள்ள சொல்தான். எது சரி என்பது நடத்துகிறவர் மனத்தில் இருக்கும். ஆகவே எல்லா விதத்திலும் நிரப்பி எல்லாக் கூப்பனையும் அனுப்பினால் ஒன்று விழுந்தாக வேண்டும் என்று தாத்தா கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரி. எல்லா விதத்திலும் அனுப்புவதற்கு ஒரு ஜோடி உழவு மாடு செலவாயிற்று.

தாத்தாவைப் போன்றவர்களைக் காப்பாற்ற டில்லியில் 1955-ஆம் ஆண்டு பரிசுப் போட்டிகள் சட்டமே போட்டார்கள். எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ கோத்தும் மாற்றியும் அடுக்கும் புதிருக்கு மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கக் கூடாது. அதற்குக் கீழே என்றாலும் லைசென்ஸ் வாங்க வேண்டும்; 2,000 கூப்பனுக்கு மேல் சேர்க்கக் கூடாது. குறுக்கெழுத்துப் போட்டியில் பெரிய அளவில் ஈடுபட்டிருந்த ஆர்.எம்.டி.சாமர்பாக்வாலா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1957-இல் தீர்ப்பு: சட்டம் செல்லும், ஆனால் அது சூதாட்டத் தன்மை உள்ள போட்டிகளுக்குத்தான், பெரும்பாலும் திறமையால் ஜெயிக்கிற போட்டி அதில் சிக்காது. இன்றைக்கும் ரம்மி, ஆன்லைன் விளையாட்டு என்று எந்த வழக்கு வந்தாலும் வக்கீல்கள் அந்தக் குறுக்கெழுத்துக்காரர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். திறமையா, அதிர்ஷ்டமா என்று அன்றைக்கு நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் தனித்தனி ஆளே இருக்கிறோம்.

ஆங்கிலத்தில் தோற்றவன் கடைசியில் தமிழிடம்தானே வந்து விழ வேண்டும்? எனக்குத் துறைமங்கலம் சிவப்பிரகாசர் கைகொடுத்தார். பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலத்தில் தங்கியிருந்த பதினேழாம் நூற்றாண்டுப் புலவர். முப்பத்திரண்டு வயதுக்குள் அத்தனை நூல்களையும் எழுதிவிட்டுப் போய்விட்டவர். திருச்செந்தூரில் ஒரு புலவர் சவாலுக்குக் கூப்பிட்டார். இதழும் இதழும் ஒட்டாமல் பாட வேண்டும். தோற்றவர் ஜெயித்தவருக்கு அடிமை. சிவப்பிரகாசர் முப்பது பாட்டைப் பாடி முடித்தார், கூப்பிட்டவருக்கு ஒன்றுகூட வரவில்லை என்பது கதை. அதுதான் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. பெயரிலேயே மூன்று விலங்கு: உதடு ஒட்டும் எழுத்தே கூடாது; அடிதோறும் முதலில் அதே எழுத்துகள் வர வேண்டும், பொருள் வேறாக வேண்டும்; ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்க வேண்டும். அஞ்சு கட்டம், ஆறு வாய்ப்பு என்று அவரிடம் போய்ச் சொன்னால், குழந்தை விளையாட்டு என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்.

“இது நம்ம ஜில்லா சொத்து. எழுத்தை வச்சி விளையாடுறது நமக்கு இவங்க சொல்லித்தர வேண்டியதில்ல” என்று அறிவித்துவிட்டு, ஒரு பொழுது முழுக்க உதடு ஒட்டாமல் பேசிக் காட்டுவதாகச் சபதம் செய்தேன். ப, ம, வ கிடையாது. உ, ஊ, ஒ, ஓ போல உதட்டைக் குவிக்கிற உயிரும் கிடையாது. விடிந்ததும் முதல் சோதனை: காப்பி கேட்க முடியவில்லை. தேநீர் கேட்டேன். நான் தேநீர் குடிப்பதில்லை. இட்லி கேட்கலாம், சட்னி கேட்கலாம், தயிர் கேட்கலாம். சோறு கேட்க முடியாது. அம்மாவைக் கூப்பிட முடியாது. வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, மூன்று வெள்ளாமையும் போயிற்று. பெரம்பலூர் பஸ் வந்ததா என்று ஒருவர் கேட்டார். ஊர் பெயரையே சொல்ல முடியாமல் கையைக் காட்டினேன். பூலாம்பாடியில் குடியிருந்துகொண்டு பூலாம்பாடி என்று சொல்ல வழியில்லை. ஒருவருக்குப் பக்கவாதம் ஆரம்பித்தால் இப்படித்தான் வாய் கோணும் என்று அம்மா பயந்துபோய் விளக்கெண்ணெயைத் தேடினாள்.

மனைவி மத்தியானம் வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு காலண்டர் தாளில் ஏதோ எழுதிப் பார்த்துவிட்டு, “இந்த ஆட்டம் உங்களுக்கு ரொம்பப் பொருத்தம்ங்க” என்றாள். “இதுல ‘மன்னிப்பு’ங்கற வார்த்தையே வராது.”

அத்தோடு சிவப்பிரகாசரைத் துறைமங்கலத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அவள் கற்றுக்கொள்ளாத ஒரு விசயத்தில் மட்டும் நான் இன்னும் மேலே இருக்கிறேன், அது எழுத்துக்கூட்டல் என்று நினைத்திருந்தேன். அதிலும் அமெரிக்கா கையை வைத்தது. ‘ஃபேவர்’ என்ற சொல்லை வாத்தியார் யு போட்டு ஆறெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். யு விட்டவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றினார். 2022 ஜனவரியில் வேர்டிலில் அந்தச் சொல் யு இல்லாமல் அஞ்செழுத்தாக விடையாக வந்து பிரிட்டனே கொதித்துப் போயிருக்கிறது. அப்படி ஒரு சொல் எனக்கு வந்தபோது, ஆறெழுத்துச் சொல்லை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று திகைத்து நின்றேன். மனைவிக்குத் திகைப்பே இல்லை. யு இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இப்போது வீட்டில் ஏற்பாடு மாறியிருக்கிறது. ராத்திரி மோட்டார் போட அவளே போகிறாள். சிக்னல் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம். தண்ணீர் எங்கள் காட்டோடு நிற்கிறது. வெங்காயம் ஆய்வது என் பொறுப்பு. கண்ணில் நீர் வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. திண்ணைக்கு வருகிற விசாத் தாள்களை இன்னும் நான்தான் வாங்குகிறேன். ‘ம்… ம்…’ வரைக்கும் என்னுடையது. கையெழுத்துப் போடலாமா என்பதை உள்ளே காட்டிவிட்டு வந்து சொல்கிறேன்.

மச்சினன் நிலைமைதான் பரிதாபம். மூன்று வாய்ப்பில் முடித்ததெல்லாம் அவன் அதிர்ஷ்டக் காலம். ஒன்பதரைக்கே சொல் கைக்கு வந்தும், ஐந்து வாய்ப்பை ஊதிவிட்டு, ஆறாவதைத் தொடாமல் வைத்துக்கொண்டு, இங்கே பன்னிரண்டு அடித்து அக்கா ஆடி முடிக்கும்வரை, அதாவது அவன் ஊரில் விடிகாலை இரண்டரை வரை, கண்விழித்துக் கிடக்கிறான். போன வாரம் ஒருநாள் அக்கா போன் எடுக்கவில்லை என்று எனக்கு அடித்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். மழை பெய்து வழுக்கல். மோட்டார் சத்தம் தூரத்தில் கேட்டது. கொட்டகையில் அவள் போன் வெளிச்சம் தெரிந்தது.

“கொண்டுபோய்க் குடுக்கறேன் மாப்ள” என்றேன். பிறகு, நடக்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று, “அதுவரைக்கும் என்கிட்டதான் சொல்லேன். எந்தெந்த எழுத்து வந்துருக்கு?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“இல்ல மாமா. எனக்குக் கடைசி வாய்ப்பு ஒண்ணுதான் இருக்கு.”